குட்டி யானை மேல் புல்லட்

195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350 பைக்கைக் குட்டி யானை எனும் மினி லாரியில் ஏற்ற நம் ஊரில் தேவைப்படுவது ஒரு பலகை, நாலு ஆள், பதினாறு யோசனை. பலகை எப்போதும் பக்கத்து வீட்டுக்கு சென்ட்ரிங் வேலைக்காக வந்ததுதான். அதன் மேல்முனையை வண்டியோடு சேர்த்துக் கட்டவேண்டும் என்பது மட்டும் அந்தப் பதினாறில் வராது. "எஞ்சினைப் போட்டு ஒரே முறுக்கா முறுக்குங்கண்ணே, ஏறிடும்" என்பார் டீக்கடையிலிருந்து எழுந்து வந்தவர். ஏறும், கேபின் கண்ணாடியையும் தாண்டி ஏறும்.

மண்மேடு ஒன்று பார்த்து, அதை ஒட்டி வண்டியின் பின்பக்கத்தை நிறுத்தினால் ஏற்றம் பாதி குறைந்துவிடும். ஆனால் அதில் வீரம் இல்லையே!

ஏற்றிய பிறகு அடுத்த கூத்து. சைடு ஸ்டாண்டைப் போட்டு, சைலன்சரைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, "எங்கயும் போகாது சார்" என்று சீட்டைத் தட்டிக் கொடுப்பார்கள். முதல் வேகத்தடையில் பைக் சாயும், டேங்க் நசுங்கும். அதற்குப் பதில், முன்சக்கரம் கேபின் பக்கத் தகட்டில் முட்டி நிற்கட்டும். ஃபோர்க்கின் மேல்பகுதியிலிருந்து இருபுறமும் பெல்ட் போட்டு, முன் ஷாக் அப்சார்பர் பாதி அமுங்கும்வரை இழுத்துக் கட்டுங்கள். ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். யோசனை சொன்னவர்களுக்கு டீ வாங்கிக் கொடுங்கள், கடையிலேயே உட்காரவைத்து.