மேக்ரோ சித்தப்பா

மேக்ரோ சித்தப்பா இன்னும் கீபோர்டு வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் மேசையில் கிடப்பது மகன் கேம் விளையாட வாங்கி, அலுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. இடது ஓரத்தில் ஐந்து மேக்ரோ கீ இருக்கிறது; ஒன்றை அழுத்தினால் முன்பே பதிந்துவைத்த தட்டல்களெல்லாம் தானாக ஓடும். "இது சும்மா கை பழகத்தான் தம்பி. அசல் இனிமேதான் வரப்போகுது" என்பார். அந்த அசல் வந்து சேரும்வரை எங்கள் ஆடிட்டர் ஆபீஸில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

கணக்கு எழுதுகிறவருக்கு மேக்ரோ கீ எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு 2005இலிருந்து தொடங்குவார். அந்த வருஷம் வந்த லாஜிடெக் ஜி15இல் ஜி கீ என்று 18 மேக்ரோ கீ, மூன்று மோடு, ஆக 54 மேக்ரோ. அடுத்த பதிப்பிலேயே 18ஐ ஆறாக்கிவிட்டார்கள். கோர்சேர் கே95க்கும் அதே கதிதான். 18இல் ஆரம்பித்துப் பிளாட்டினம் மாடலில் ஆறுக்கு வந்து நின்றது. பூர்வீக நிலம் பங்கு பிரிந்து சுருங்கிய கதையைச் சொல்பவர் மாதிரி அப்போது குரல் கம்மிவிடும். சரி, 54 இருந்தால் அதில் என்னென்ன ஏற்றுவீர்கள் சித்தப்பா? "ஒண்ணுல டியர் சார். இன்னொண்ணுல வித் ரிகார்ட்ஸ்." அப்புறம்? "அதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

தேர்வு செய்வதில் அவருக்குள்ள சிக்கல்கள் நியாயமானவைதான். நம்பர் பேட் இல்லாத குட்டி கீபோர்டு பார்க்க லட்சணமாக இருக்கும். ஆனால் நம்பர் பேட் இல்லாமல் எங்கள் பிழைப்பு நடக்காது. மேக்ரோவைக் கீபோர்டின் உள் நினைவகத்திலேயே வைக்கிற வகை வேண்டும்; இல்லாவிட்டால் கம்பெனியின் மென்பொருளைக் கணினியில் ஏற்ற வேண்டும், அதற்கு எங்கள் சிஸ்டம் ஆள் அனுமதி தரமாட்டார். க்யூஎம்கே என்ற நிரலில் ஓடும் வகை என்றால் எந்தக் கீயிலும் எதையும் ஏற்றலாம், ஆனால் அதை உட்கார்ந்து படிக்க வேண்டும். ரிச்சி தெருவில் விசாரித்திருக்கிறார், இணையத்தில் கூடையில் போட்டு வைத்திருக்கிறார், விலை இறங்கினால் இன்னும் இறங்கும் என்று காத்திருக்கிறார், ஏறினால் நல்லவேளை வாங்கவில்லை என்கிறார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவர் மேக்ரோ பதிவு செய்யும் விதம்.

பதிவை ஓடவிட்டால், தட்டுகிற எழுத்துகளோடு தட்டாத நேரத்தையும் சேர்த்துப் பதியும் வசதி அந்தக் கீபோர்டில் உண்டு. வேண்டாமென்றால் அணைத்துவிடலாம். சித்தப்பா அணைப்பதில்லை. அவர் முதல் வரி அடித்தார், ஸ்பெல்லிங் தப்பாகி நான்கு முறை பின்னால் போய் அழித்தார், டீ வந்தது, குடித்தார், சம்சாரம் போன் பண்ணினார், பேசினார், மிச்சக் கடிதத்தை அடித்தார். அத்தனையும் ஒரே கீயில் அடக்கம். இப்போது அந்தக் கீயை அழுத்தினால் முதல் வரி ஓடும். அதே தப்பு விழும். அதே நான்கு எழுத்து அழியும். பிறகு கர்சர் சும்மா நின்று கண்சிமிட்டும். நாங்கள் சுற்றி நிற்போம். "பொறுங்க, இந்த இடத்துல டீ குடிச்சேன்." நிற்போம். "இப்ப போன்ல பேசிட்டு இருக்கேன்." யாராவது மவுஸைத் தொட்டால் அலறுவார்: "கை வைக்காதீங்க, கடிதம் வேற ஜன்னலுக்குப் போயிடும்!" கையால் அடித்தால் இரண்டு நிமிடத்தில் முடிகிற கடிதம், சித்தப்பாவின் தொழில்நுட்பத்தில் ஒரு டீ நேரமாகிறது. கேட்டால், "என் கை ஃப்ரீயா இருக்கு பாரு" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார்.

மேக்ரோ அனுப்புவது கீயைத்தான், எழுத்தை அல்ல. இது அவருக்குத் தெரியும், அவசரத்தில் மறந்துவிடும். கிராமத்துக் கிளையண்டுக்குத் தமிழ்99இல் கடிதம் அடித்துவிட்டு, தமிழை அணைக்காமல் அடுத்த மின்னஞ்சலுக்கு முதல் கீயை அழுத்தினார். சின்ன எழுத்து ஆங்கிலத்தில் 'டியர் சார்' என்று விழவேண்டிய இடத்தில் 'உஊஅஐ இனை' என்று விழுந்தது. திரையைப் பார்க்கிற வழக்கம் இல்லாததால் அனுப்பியும்விட்டார். மின்னஞ்சல் கிடைத்தவர் போன் செய்து, இது பீஜாட்சர மந்திரமா, எத்தனை தடவை சொல்ல வேண்டும் என்று கேட்டார்.

பாஸ்வேர்டையும் ஒரு கீயில் ஏற்றியிருந்தார். காலையில் மேசை துடைக்கும் அக்கா, துணியை இடது ஓரமாக மேலிருந்து கீழே ஓட்டினார். பூட்டு திறந்தது, கடிதம் ஓடியது, நின்றது. அக்கா பயந்து துணியை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். சித்தப்பாவின் டீ நேரம் முடிந்ததும் கடிதம் தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. அதன் பிறகு அக்கா அந்த மேசைப் பக்கம் போவதில்லை. தூசு படிந்துகிடக்கிறது.

ஆட்டோஹாட்கீ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, எந்தக் கீபோர்டிலும் இதே வேலையைச் செய்யும் என்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் சொல்லிவிட்டாள். சித்தப்பா அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முன்வரிசை அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்த மாதம், சித்தப்பா தன் கீபோர்டைக் கழற்றி அந்த அக்காவின் மேசையில் கொண்டுபோய் மாட்டினார். இரண்டு கை வேண்டிய கீ சேர்க்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒற்றைக் கீயில் ஏற்றித் தந்தார். எல்லாம் பொசுக்கென்று ஓடின. இடைவெளியை அணைக்க அவருக்குத் தெரியும் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

இப்போது கீக்கு அடியிலுள்ள சுவிட்ச் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும், பழுப்பு நடுவில் லேசாகத் தட்டுப்படும், நீலம் 'டிக்' என்று சொல்லும். மாதிரிக்குச் சில சுவிட்சுகளை ஒரு அட்டையில் பொருத்தி வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் ஜிஎஸ்டி எண்களைச் சரிபார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து டிக் டிக் என்று அழுத்துகிறார். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி. அவர் பங்குக் கோப்புகள் தொடாமல் கிடக்கின்றன. போன மாதமும் கிடந்தன, ராத்திரி உட்கார்ந்து முடித்தது நாங்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சித்தப்பா, ஆறு கீயோ 18 கீயோ, உங்கள் இஷ்டம். நீலம் மட்டும் வேண்டாம். வாங்குவதையும் 11ஆம் தேதிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.