ஜெபமா, மருந்தா?

கேள்வி: எனக்குப் புற்றுநோய். ஜெபித்தால் போதும், மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்கிறார்கள் சபையில் சிலர். என்ன செய்ய?
(ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: நம் கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலேரியா முற்றி இறந்தார், அம்மணி. ஜெபிக்காத மனிதரா அவர்? மனைவி ஈவ்லின் கடவுளையும் விடவில்லை, மருந்துப் பெட்டியையும் விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலைக்கே திரும்பினார். 95 வயது வரை வாழ்ந்தார். அங்கே வளர்ந்த மகன் டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். ஜெபத்துக்குக் கூப்பிய கைதான் கத்தியையும் பிடித்தது. தினமும் முழங்காலில் நில்லுங்கள். கீமோவுக்குக் குறித்த தேதியைத் தவறவிடாதீர்கள். குறை சொல்பவர்களை ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரச் சொல்லுங்கள், அங்கேயும் ஜெபிக்கலாம்.