கேபிளில் தொங்கும் கண்

கேள்வி: செவ்வாய் கிரகத்துக்கே முழு வரைபடம் இருக்கிறது. நம் கடலடிக்கு ஏன் இல்லை?

பதில்: செவ்வாயை மறைத்துக்கொண்டு நடுவில் தண்ணீர் நிற்கவில்லையே! வெளிச்சமும் ரேடியோ அலையும் கடலுக்குள் கொஞ்ச தூரத்திலேயே மடிந்துவிடும். ஒலி மட்டும்தான் அடிவரை போய்த் திரும்பும். அதனால் கப்பல்கள் சோனார் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுக் கேட்டு வரைகின்றன. இதுவரை துல்லியமாக முடிந்தது கால் பங்குக்குச் சற்று மேல்.

மேடுபள்ளத்தை ஒலி சொல்லும். அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லாது. அதற்கு ரோபோவை இறக்க வேண்டும், பட்டத்துக்கு நூல்போல ஒரு கேபிளோடு. மின்சாரம் அதில் இறங்கும், படம் அதில் ஏறும். ஓட்டுபவர் கப்பலில் இருப்பார்.

அப்படி இறங்கிய ரோபோக்களில் ஒன்றான ஜப்பானின் கைக்கோ 1995-இல் மரியானா அகழியில் 10,911 மீட்டர் இறங்கியது. பின்பு அங்கிருந்து அள்ளிவந்த சேற்றில் உயிருள்ள நுண்ணுயிர்கள் இருந்தன! அந்த அருமையான வாகனம் 2003-இல் கேபிள் அறுந்து கடலோடு போனது பேரிழப்பு. 2009-இல் அதே பள்ளத்துக்குப் போன அமெரிக்காவின் நீரியஸ் ரோபோ, பேட்டரியைச் சுமந்துகொண்டு, மிக மெல்லிய ஒளியிழை ஒன்றை மட்டும் இழுத்துச் சென்றது.