வணிக நூலகத்துக்குப் பூண்டோடு போவது எப்படி?

கேரளத்து மலையூரான காந்தலூரில் பூண்டு ஊறுகாய் போட்டு விற்பது என்று முடிவு செய்துவிட்டீர்கள். லேபிளில் யார் படம் என்பதுகூட முடிவாகிவிட்டது, அம்மாச்சி படம்தான். 2023-ல் மத்திய சுற்றுலா அமைச்சகம் சிறந்த சுற்றுலாக் கிராமம் என்று ஊருக்குத் தங்க விருது கொடுத்ததிலிருந்து, மறையூர்ப் பக்கமிருந்து ஏறி வருகிற ஜீப் ஒவ்வொன்றும் உங்கள் கண்ணுக்கு நாலு பாட்டிலாகத் தெரிகிறது. இந்த நேரம் பார்த்து மச்சினன், "மச்சான், எதுக்கும் ஒரு ரிசர்ச் பண்ணிட்டு எறங்குங்க" என்று கிளப்பிவிட்டான். படித்த பிள்ளை, தட்ட முடியாது. ஆராய்ச்சி செய்தே ஆக வேண்டும். ஆனால் எடுத்த முடிவுக்கு அதனால் ஒரு சேதமும் வரக் கூடாது. அதற்கான வழிகாட்டி இது.

முதலில் இடம். வணிகர்களுக்கென்று தனி நூலகம் என்ற யோசனைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1904-ல் அமெரிக்காவின் நூவர்க் நகரில் ஜான் காட்டன் டானா என்ற நூலகர், கடைத்தெருக்காரர்களுக்கென்று ஒரு கிளை திறந்து வரைபடங்களையும் முகவரிப் புத்தகங்களையும் அடுக்கினார். நியூயார்க் 1996-ல் பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடம் ஒன்றில் அறிவியலுக்கும் தொழிலுக்கும் வணிகத்துக்குமாகப் பெரிய நூலகத்தையே திறந்தது. 2020-ல் அதை மூடி வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். காந்தலூரும் மறையூரும் அடங்கிய நம் அஞ்சுநாட்டில் அப்படி எதுவும் கிடையாது. இது உங்களுக்குச் சௌகரியம். பக்கத்தில் இருந்தால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். இப்போது காலை பஸ்ஸில் மறையூர், சின்னாறு வழியாக உடுமலை, அங்கிருந்து கோவை என்று ஒரு நாளைக் கழித்துவிட்டு வந்தால், அந்த அலைச்சலே பாதி ஆராய்ச்சி.

உள்ளே போனதும் நூலகர் கேட்பார்.

"என்னங்க பாக்கணுங்க?"

"பிசினஸ்ங்க."

"எந்த பிசினஸ்ங்க?"

"பொதுவாத்தாங்க."

அருமையான பதில். 'பூண்டு ஊறுகாய்ங்க, 200 கிராம் பாட்டில், மூணாறு ரோட்டுக் கடைகளுக்கு' என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் அவர் கால் மணி நேரத்தில் மூன்று சரியான காகிதங்களைக் கொண்டுவந்து போட்டுவிடுவார், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே உங்கள் தொழில் ஆட்டம் கண்டுவிடும். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நாலாவது விதியே வாசகரின் நேரத்தைப் பற்றியது. அதைப் படித்துத் தேறி வந்தவர்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறார், ஜாக்கிரதை.

இனி அலமாரி. டியூவி முறைப்படி உங்கள் பூண்டு ஊரெல்லாம் சிதறிக் கிடக்கும். செடியாக 635, சமையலாக 641, பாட்டிலில் அடைக்கிற தொழில்நுட்பமாக 664, கணக்குவழக்கு 657, நிர்வாகம் 658. நீங்கள் நேராக 658-க்குப் போய் உட்காருங்கள். கோட் போட்ட மனிதர்கள் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும் பகுதி அதுதான்.

664 பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். அங்கே எண்ணெயில் ஊறும் பூண்டைப் பற்றி விவகாரமான செய்திகள் இருக்கின்றன. மண்ணோடு ஒட்டி வரும் பாட்டுலினம் கிருமி காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் நஞ்சு கக்கும். 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் எண்ணெயில் போட்ட பூண்டால் 36 பேர் படுத்தார்கள். புளிப்பு ஏறி பிஹெச் அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால் அந்தக் கிருமி தலைதூக்காது. அம்மாச்சி எலுமிச்சையை அள்ளிப் பிழிந்ததற்குக் காரணம் இருந்திருக்கிறது. 'எண்ணெயைக் கூட்டி, புளிப்பைக் குறைத்து, டூரிஸ்ட்டுக்கு ஏற்ற மாதிரி' என்று நீங்கள் போட்டுவைத்த திட்டத்துக்கு இது ஒத்துவராது. ஆகவே 658.

கணினியில் தேடிப் பார்க்க ஆசையா? ஊர்ப் பெயரைத் தட்டுங்கள். விரல் கொஞ்சம் சறுக்கினால் ராஜராஜன் வந்து நிற்பான். காந்தளூர்ச் சாலையில் அவன் கப்பலை உடைத்தானா, கல்விச்சாலையை அடக்கினானா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டிருப்பார்கள். அது திருவனந்தபுரத்துப் பக்கம் இருந்த இடம், நம் மலையோடு ஒட்டு உறவில்லை. இருந்தாலும் சாயங்காலம் வரை படியுங்கள். நோட்டில் நாலு பக்கம் நிரம்பும்.

இவ்வளவு தூரம் பத்திரமாக வந்தவரைக் கவிழ்க்கக்கூடிய ஒரு கோப்பு உண்டு. அது இருப்பது சென்னை கிண்டியில், புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில். அதுதான் உங்கள் தொழிலுக்கு நாட்டிலேயே உருப்படியான வணிக நூலகம் என்பது என் கருத்து. பஸ் ஏறவும் வேண்டாம், அதன் இதழ்கள் இணையத்தில் சும்மா கிடக்கின்றன. காந்தலூர் வட்டவடை வெள்ளைப்பூண்டு 2022 டிசம்பரில் குறியீடு வாங்கியது. குறியீடு கேட்டு விண்ணப்பிக்கிறவர் பொருளின் தன்மை, விளையும் எல்லையின் வரைபடம், பரம்பரையாக விளைகிறது என்பதற்குச் சான்று, பயிர் செய்யும் முறை, மற்றதிலிருந்து இது எப்படி வேறு என்பதெல்லாம் எழுதித் தர வேண்டும். காசு கொடுத்து ஒரு கம்பெனியை வைத்தாலும் இவ்வளவு விவரம் வராது. இதில் ஒரு வேடிக்கை: நம் பூண்டுக்கு விலை தமிழில், மானியம் மலையாளத்தில், மகிமை ஆங்கிலத்தில். அதனால்தான் அதை விளைவிக்கிற வீட்டில் அந்தக் கோப்பைப் படித்தவர் யாரும் இல்லை.

படித்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது. ஊருக்குக் குறியீடு கிடைத்துவிட்டதால் உங்கள் பாட்டிலுக்கும் கிடைத்ததாக அர்த்தமில்லை. அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனியே பதிய வேண்டும். 2020-ல் அதற்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தார்கள், ஆகவே பணமில்லை என்று தட்டிக்கழிக்க வழியில்லை. பதிவும் பூண்டுக்குத்தான், ஊறுகாய்க்கு அல்ல. அதைவிட மோசம், பக்கத்துக் கோப்பு கண்ணில் பட்டுவிடும்: கொடைக்கானல் மலைப்பூண்டு, 2019. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் உங்களைப் போலவே குளிரில் நின்று பூண்டு பிடுங்குகிறவர்கள், உங்களுக்கு மூன்று வருடம் முன்பே முத்திரை வாங்கியவர்கள், தேனிப் பக்கத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தையிலும் உங்களுக்கு முன்பே உட்கார்ந்திருப்பவர்கள். எர்ணாகுளத்திலிருந்து வருகிற குடும்பத்துக்கு இரண்டும் ஒரே பூண்டுதான். 'நமக்குப் போட்டியே இல்லை' என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பக்கத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கோப்பைத் திறக்காதீர்கள்.

விலை நிலவரத்துக்கு வருவோம். அக்மார்க்நெட் என்ற அரசுத் தளத்தில் மண்டி மண்டியாகத் தினசரி விலை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்து மண்டசூரில் பூண்டு குவிந்தால் தேனிப் பக்கம் விலை இறங்குவதை அதில் பார்க்கலாம். உலகப் பூண்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு சீனாவில் விளைகிறது. 2014-லேயே இந்தியா அதற்குத் தடை போட்டும் அது எல்லை தாண்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2024 தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சில்லறையில் கிலோ 400 ரூபாயைத் தொட்டது. எழுதும்போதே கை இனிக்கும்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல். தோட்டக்காரருக்குத்தான் அந்த 400 கொண்டாட்டம். ஊறுகாய்க்காரருக்கு அது அடக்க விலை. இரண்டு பேரும் நீங்களே. உங்கள் தோட்டத்துப் பூண்டு உங்களுக்கு இலவசம் என்று நினைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் அதே கிலோவை மூட்டையாக வடுகபட்டிக்கு ஏற்றியிருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை ஊறுகாய்க் கணக்கில் செலவாக எழுத வேண்டும். அப்படி எழுதினால், விலை ஏறிய வருடத்தில் ஊறுகாய் போடுவது நஷ்டமாகவும், விலை விழுந்த வருடத்தில், ரெண்டாந்தரப் பல்லை வைத்துப் போட்டால், புத்திசாலித்தனமாகவும் தெரியும். வழிகாட்டியை எழுதுகிறவன் சொல்லக் கூடாத விஷயம் இது. மறந்துவிடுங்கள்.

அடுத்து வங்கிக்குத் தர வேண்டிய திட்ட அறிக்கை. அது சுலபம். 2020-ல் வந்த பிரதமர் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை மானியம் உண்டு. மாதிரி அறிக்கைகளும் அந்தத் திட்டத்தின் தளத்திலேயே கிடைக்கின்றன. பெயரை மாற்றி ஜெராக்ஸ் எடுங்கள். முந்தின ஆள் மாற்ற மறந்த ஊர்ப் பெயர் ஏதாவது நடுவில் இருந்தால், கிளை அலுவலகம் என்று சமாளிக்கலாம்.

நூலகம், வியாபாரம் என்று பேச்சு வந்தால் எடமலைக்குடியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூணாறுக்கு அப்பால், 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அங்கே முதுவான் குடி ஒன்றில் ஒரு டீக்கடைக்காரர் நூற்று அறுபது புத்தகங்களை வைத்து இரவல் கொடுத்ததை பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். சிலப்பதிகாரமும் அதில் உண்டு. என்னைக் கவர்ந்தது புத்தகங்களைவிட அவருடைய பதிவேடு: யார், எதை, எப்போது எடுத்தார் என்று எழுதி வைத்திருந்தார். போன சீசனில் உங்கள் கடை வாசலில் ஜீப்பை நிறுத்தியவர்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கேட்டு இல்லையென்று போனார்கள் என்று உங்களிடம் ஒரு வரி இருக்கிறதா? உங்களிடம் இருப்பது கடன் நோட்டு. அதுவும் பாதி அழிந்தது.

கடைசியாக வங்கி. மேனேஜர் உங்கள் அறிக்கையைப் புரட்டுவார், படிக்க மாட்டார். அட்டையிலிருக்கும் அம்மாச்சியைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு கேட்பார், "வெறும் பூண்டா வித்தாலே நல்ல விலை இல்லையா? பின்னே எதுக்கு ஊறுகாய்?" பதற வேண்டாம். 658-ல் எழுதி வந்ததிலிருந்து, கோட் போட்டவர் சொன்ன நீளமான வரி ஒன்றை எடுத்துவிடுங்கள். கரம் அடச்ச ரசீதையும், அதாவது நிலவரி கட்டிய ரசீதையும், கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதி வரியில் இருக்கும்போதே அதைத்தான் கேட்பார்.