எளிய முறையில் பிளாஸ்மா காய்ச்சுவது எப்படி?

பிரான்ஸின் கடராஷில் எழும்பிவரும் ஈட்டர் இணைவு உலையில் பிளாஸ்மாவை 15 கோடி டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். அதில் ரேடியோ அலைகளுக்கும் பங்குண்டு. அயனிகளுக்கு 40 முதல் 55 மெகாஹெர்ட்ஸ், எலக்ட்ரான்களுக்கு 170 கிகாஹெர்ட்ஸ். உள்ளே போன அலை என்ன செய்யும் என்பதைக் கணினியிலேயே காய்ச்சிப் பார்த்துவிடலாம். செய்முறை இதோ.

1. துகள்களை எண்ணி மாளாது. ஒரு கன மீட்டருக்கு 1 போட்டு 20 சுழி சேர்த்தால் வருகிற அளவு எலக்ட்ரான்கள். கோடிக்கணக்கானவற்றுக்கு ஒரு பிரதிநிதியை வையுங்கள். சட்டமன்றமே அப்படித்தான் நடக்கிறது.

2. புரோட்டான் எலக்ட்ரானைவிட 1836 மடங்கு கனம். அசைய நேரமாகும். 100 மடங்கு என்று போட்டுக்கொள்ளுங்கள், துள்ளி ஓடும். கட்டுரையில் ‘செயற்கை நிறை விகிதம்’ என்று எழுதிவிட்டால் தோஷம் கழிந்தது.

3. இடத்தைக் கட்டம் கட்டமாக நறுக்குங்கள். ஒரு கட்டம் டெபை நீளத்தை, அதாவது ஒரு துகளின் மின்புலம் மற்றவற்றால் மறைக்கப்படாமல் எட்டும் தூரத்தை, ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. ஈட்டரின் நடுவே அது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. நறுக்கவேண்டிய பிளாஸ்மாவோ 800 கன மீட்டருக்கும் மேல். பொடியாக நறுக்கச் சொன்ன வெங்காயத்தை நாலாக வெட்டிப் போடுவதில்லையா? அப்படிப் போடுங்கள்.

4. கணக்கு ஓர் எட்டு வைப்பதற்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது. குரந்த், ஃப்ரீட்ரிக்ஸ், லேவி மூவரும் 1928-லேயே, கணினி பிறக்கும் முன்பே, சொல்லிவைத்த புத்திமதி. மீறினால் திரை முழுக்க ‘நேன்’ வரும். எண்ணே அல்ல என்று பொருள்.

5. அலையை அனுப்பும் ஆன்டெனாவைப் போடுங்கள். வெப்பம் ஏறும், படம் நீலத்திலிருந்து சிவப்பாகும். உடனே பேராசிரியருக்கு அனுப்பிவிடுங்கள்.

6. ஆன்டெனாவை அணைத்துவிட்டு மட்டும் மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். நான் ஓட்டினேன், இரவு இரண்டு மணிக்கு. அலையே இல்லை, வெப்பம் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. கட்டம் பெரிதாக இருந்தால் கணக்கின் பிழையே துகள்களைச் சூடாக்குமாம், டெபை நீளம் வளர்ந்து கட்டத்தின் அளவை எட்டிப்பிடிக்கும் வரை. அடுப்பே பற்றவைக்கவில்லை, சோறு பொங்கிவிட்டது.

பேராசிரியருக்குப் படம் பிடித்துப்போய்விட்டது. ‘அருமை, கருத்தரங்குக்கு அனுப்பலாம்’ என்று பதில் போட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் எழுதவில்லை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிக்கொண்டிருக்கிறேன்.