நிலாவுக்கு லோன் கேட்ட வில்லன்

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது. 158 வருஷத்துப் பழைய வங்கி. ஊர் உலகமெல்லாம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. போன வங்கி எங்கேதான் போனது என்று பொருளாதார மேதைகள் ஆயிரம் பக்கம் எழுதினார்கள். 2010 ஜூலையில் வந்த 'டெஸ்பிகபிள் மீ' ஒரே பலகையில் விஷயத்தை முடித்தது: 'தீமை வங்கி, முன்னாள் லேமன் பிரதர்ஸ்.' வில்லன்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கி அது.

அங்கே மனுவோடு காத்திருப்பவர்தான் நம் கதாநாயகன் க்ரூ. மொட்டைத்தலை, குடமிளகாய் மூக்கு, குச்சிக் கால். நிலாவைச் சுருக்கித் திருட வேண்டும், அதற்கு ராக்கெட், ராக்கெட்டுக்கு லோன். மேனேஜர் மேலும் கீழும் பார்க்கிறார். வயசாகிவிட்டதாம், பழைய பாக்கி நிற்கிறதாம், புதுப் பையன்கள் எகிப்துப் பிரமிடையே தூக்கிக்கொண்டு போகிறார்களாம். பிரமிடைத் தூக்கிய வெக்டர் யார் என்று பார்த்தால், மேனேஜரின் சொந்தப் பிள்ளை! அயோக்கியத்தனத்திலும் சிபாரிசு இல்லாமல் காரியம் நடக்காது.

வில்லனுக்குத்தான் பணமுடை என்றால் அவனைப் பெற்றவர்களும் கைப்பிடிப்பாகச் செலவு செய்தவர்கள்தான். தயாரிப்பாளர் கிறிஸ் மெலடாண்ட்ரி ஃபாக்ஸ் கம்பெனியின் அனிமேஷன் பிரிவுக்குத் தலைவராக இருந்தபோது, 2000இல் 'டைட்டன் ஏ.இ.' என்ற விண்வெளிப் படம் வந்தது. படம் படுத்த படுக்கையில் ஒரு ஸ்டுடியோவையே இழுத்து மூடினார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேருமா? 2007இல் இல்யூமினேஷன் என்று தனிக்கடை போட்டவர், முதல் படத்தை ஹாலிவுட்டில் வரையாமல் பாரிஸிலிருந்த மக் கஃப் என்ற நிறுவனத்திடம் கொடுத்தார். செலவு 6 கோடியே 90 லட்சம் டாலர். மூன்று வாரம் முன்னால் வந்த 'டாய் ஸ்டோரி 3'க்கு ஆன செலவு 20 கோடி.

முதலில் க்ரூவுக்குத் தடித்தடியான அடியாட்களை வரைந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்றால் யாருக்குத்தான் க்ரூவைப் பிடிக்கும்? குட்டியாக்கி, மஞ்சளடித்து, கண்ணாடி மாட்டிவிட்டார்கள், மினியன் பிறந்தது. குரல் கொடுக்கவும் அதிகம் வெளியே போகவில்லை. இயக்குநர்களில் ஒருவரான பியர் காஃபினே பெரும்பாலும் கத்தித் தீர்த்தார். அவருடைய அம்மா இந்தோனேசியாவின் பெயர்பெற்ற நாவலாசிரியை என்.எச். தினி. மினியன் உளறலின் நடுவே இந்தோனேசிய மொழியில் ஒரு நன்றி வந்து விழுவது அந்தத் தாய்வழிச் சீதனம்.

க்ரூ எப்பேர்ப்பட்ட கொடியவன்? அழுகிற சிறுவனுக்கு பலூனில் நாய்க்குட்டி செய்து கொடுக்கிறான். பையன் சிரித்த மறுகணம் ஊசியால் 'டப்'. காபிக் கடையில் வரிசை நீளம் என்றால் எல்லோரையும் உறையவைத்துவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போகிறான். இந்த இரண்டாவது குற்றத்தை டிகிரி காபிக் கடை வாசலில் நின்ற எவரும் குற்றமென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வெக்டர் கோட்டைக்குள் பிஸ்கட் விற்கும் மூன்று அனாதைச் சிறுமிகளுக்கு மட்டும் கதவு திறக்கிறது என்பதால் அவர்களைத் தத்தெடுக்கிறான். அதோடு தொழில் போயிற்று. பேங்க் கைவிரித்த அன்று, 'கஜானா காலி' என்று மினியன்கள் முன்னால் நிற்கிறான். கடைசிக் குட்டி ஆக்னஸ் தன் பன்றி உண்டியலை நீட்டுகிறாள். அதைப் பார்த்து மஞ்சள் குட்டிகளும் கைக்காசைக் கொட்டுகின்றன. அனிமேஷன் வரலாற்றில் முதலீடு திரட்டிய காட்சிகளில் நாணயமானது இதுதான் என்பேன். அப்படித் திருடிய நிலா பழைய அளவுக்கு வீங்கி வானத்துக்கே போய்விட்டது. கடைசியில் அதில் மாட்டிக்கொண்டது பேங்க் மேனேஜர் பிள்ளைதான்.

பிஸ்கட் காசில் எடுத்த படம் 54 கோடி டாலர் வாரியது. அதே வருஷம் நவம்பரில் ட்ரீம்வொர்க்ஸும் 'மெகாமைண்ட்' என்று ஒரு நீலத்தலை வில்லனை ஹீரோவாக்கியது. செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு, வசூல் சுமார் 32 கோடி.

2022இல் க்ரூவின் பால்யத்தைச் சொல்லும் 'மினியன்ஸ்: தி ரைஸ் ஆஃப் க்ரூ' சீனாவுக்குப் போனது. குருநாதர் வைல்ட் நக்கிள்ஸ் செத்ததுபோல் நடித்துத் தப்புவதுதான் அசல் முடிவு. அங்கே கடைசியில் சில அட்டைகளை ஒட்டினார்கள்: நக்கிள்ஸுக்கு 20 வருஷச் சிறை, க்ரூ திருந்திக் குடும்பத்தோடு சேர்ந்தான், மூன்று பெண்களுக்குத் தகப்பனானதே அவன் சாதனை. பையனுக்கு அப்போது பன்னிரண்டு வயசுகூட முடியவில்லை.

லேமன் பிரதர்ஸ் மூழ்கியதற்காக அதன் மேலிடத்தில் இருந்த ஒருவரும் ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகவில்லை.