உச்சந்தலைக்கு ஒரு குறுக்குவழி

குண்டலினியை மூலாதாரத்திலிருந்து உச்சந்தலைக்கு ஏற்ற ஏழு சக்கரங்களின் வழியே கொண்டுபோக வேண்டும். ஒரு ஆயுள் போதாது என்பார்கள் பெரியவர்கள். திருமலையின் ஏழு மலைகளையும் அந்தச் சக்கரங்களோடு பொருத்திச் சொல்வோர் உண்டு. அலிபிரி நடைபாதையில் படியேறி முழங்கால் விட்டுப்போனவர்கள் இந்தப் பொருத்தத்தை மறுக்க மாட்டார்கள்.

மலையே ஏறாமல் கீழேயே விசேஷ தரிசனம் கிடைத்தால்? வரதய்யபாளையத்தில் அந்த ஏற்பாடு இருந்தது. அப்போது அது சித்தூர் மாவட்டம். 2022 முதல் திருப்பதி மாவட்டம். (ஊர் அசையாமலே முகவரி உயர்ந்ததும் ஒருவகை சித்திதான்.) எல்.ஐ.சி.யில் குமாஸ்தாவாக இருந்த விஜயகுமார் அங்கே கல்கி பகவானாக வீற்றிருந்தார். தலையில் கை வைத்தால் தீட்சை. சக்தி இறங்கி மூளையே மாறிவிடும் என்றார்கள். 2012-இல் பொற்காலம் பிறக்கும் என்றும் சொன்னார்கள். தமிழ்நாட்டில் நமக்கு அந்த ஆண்டின் மின்வெட்டுதான் நினைவிருக்கிறது.

2019 அக்டோபரில் வருமான வரித்துறை சோதனைக்கு வந்தது. 43.9 கோடி ரூபாய் ரொக்கம், 25 லட்சம் டாலர், 88 கிலோ தங்கம், 1,271 காரட் வைரம் சிக்கியதாக அறிவித்தது. இடகலை, பிங்கலை, சுழுமுனை என்ற நாடிகள் தெரியும். டாலர் எந்த நாடி வழியே ஏறும் என்று பதஞ்சலி எழுதி வைக்கவில்லை.

பகவான் வெளிநாடு போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. அவரே வீடியோவில் தோன்றி, நாட்டை விட்டு எங்கும் போகவில்லை என்றார். எங்கும் நிறைந்தவருக்கு அதைச் சொல்ல ஒரு கேமரா தேவைப்பட்டது.